வெயில் ஊரில் ஒரு மெகா போர்வை

ஜனவரியிலும் ஃபேன் ஓடும் சென்னையில், 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப்பெரிய குரோஷே போர்வை விரிக்கப்பட்டு, கின்னஸில் பதிவானது. 11,148.5 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை கால்பந்து மைதானம்! சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுப் பெண்கள் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை இணைத்த போர்வை அது.

துண்டுப் போர்வையில் நிறம் மாறினால் அழகு. ஒரே ஸ்வெட்டரில் மாறினால் கண்ணை உறுத்தும். அதனால் லேபிளில் சாய எண் ஒன்றாக இருக்கும் நூல் உருண்டைகளை மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. பாதியில் தீர்ந்து மறுபடி கடைக்குப் போனால், அதே நீலம் கிடைப்பது கஷ்டம்.

அக்ரிலிக் நூல் லேசானது, விலையும் குறைவு. போர்வைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இளகிவிடும். நம்ம ஊர் வெயிலில் குழந்தையின் தொப்பிக்கு, கொஞ்சம் கனத்தாலும் காட்டன்தான்.