பழைய வீட்டு வண்டியில் தண்ணீர் ஏன் மெலிகிறது?



அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றவர்களில் பலர் மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டியில் மாதக்கணக்காக வாழ்கின்றனர். படுக்கை, சமையலறை, குளியலறை யாவும் அதற்குள் அடக்கம். புதிய வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட பழைய வண்டிகளைத் தங்கள் சேமிப்பைப் போட்டு வாங்குகிறார்கள். அவர்களுக்கு விரைவில் வரும் தொல்லை, குளிக்கும்போது நூலாக ஒழுகும் தண்ணீர். உடனே பெரிய பம்பு வாங்கப் புறப்படுகிறார்கள். அதற்கு முன் அறிய வேண்டிய சிலவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நம் வீடுகளில் தொட்டி மாடியில் இருப்பதால் தண்ணீர் தானாக இறங்குகிறது. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14 பவுண்டு அழுத்தம் கிடைக்கும். வீட்டு வண்டியிலோ தொட்டி கட்டிலுக்கு அடியில் தாழ இருக்கும். ஆகவே 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சிறு பம்பே தண்ணீரைத் தள்ள வேண்டும். குழாயைத் திறந்தால் அது ஓடும்; மூடியபின் குறித்த அழுத்தம் வந்ததும் தானே நிற்கும். முகாம்களில் தங்கும்போது பம்பை நிறுத்திவிட்டு, அங்குள்ள குழாயிலிருந்து ஹோஸ் மூலம் நேரே தண்ணீர் பெறலாம்.

இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். முகாம் தண்ணீர் வேகமாக வந்து, பம்புத் தண்ணீர் மட்டும் மெலிந்தால் குறை பம்பின் பக்கம். முகாம் தண்ணீர் மட்டும் மெலிந்தால், ஹோஸ் சேரும் வாயிலுள்ள வலையையோ, அங்கே மாட்டிய அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியையோ பார்க்க வேண்டும். இரண்டும் மெலிந்தால் ஷவரிலும் குழாய் முனைச் சல்லடையிலும் உப்புப் படிந்திருக்கலாம். கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும். வெந்நீர் மட்டும் மெலிந்தால், ஹீட்டரிலிருந்து வெளிவரும் இடத்திலுள்ள ஒருவழி வால்வு சிக்கியிருக்கக்கூடும்.

பம்பின் பக்கம் குறை இருந்தாலும் பம்பே கெட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். அதற்கு முன்னுள்ள சிறிய வடிகட்டி அடைத்திருக்கும். அல்லது அதன் மூடி இறுக்கமின்றிக் காற்றை இழுக்கும். பம்பு ஓடும்போது அதன் முனையில் வோல்ட் அளவைப் பாருங்கள். பாட்டரியில் உள்ளதைவிட மிகவும் குறைந்திருந்தால், மெலிந்த வயரோ துருவேறிய இணைப்போ மின்சாரத்தைத் தின்கிறது என்று பொருள். இவற்றைச் சரிசெய்யச் செலவு சொற்பமே.

பெரிய பம்பைப் பற்றி ஏன் எச்சரிக்கிறோம்? அக்கால வண்டிகள் பலவற்றில் பாலிபியூட்டிலீன் என்னும் சாம்பல் நிறக் குழாய் போடப்பட்டது. தண்ணீரிலுள்ள குளோரின் பட்டுப் பட்டு அக்குழாயும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளும் உள்ளிருந்தே வெடிப்பு விட்டன. இதே குழாயைப் பதித்த அமெரிக்க வீட்டு உரிமையாளர்களின் வழக்கில், 1995ஆம் ஆண்டு மூலப்பொருள் நிறுவனங்கள் குறைந்தது 95 கோடி டாலர் தர இசைந்தன. இத்தகைய குழாயில் வலிய பம்பைப் பூட்டினால் சுவருக்குள் இணைப்பு விட்டுவிடும். ஒட்டுப்பலகைத் தரை மெல்ல மெல்ல ஊறி உளுத்துப்போகும். கண்ணுக்குத் தெரியும்போது வண்டியின் விலையைவிடப் பழுதுபார்க்கும் செலவே அதிகமாகிவிடும்.

எனவே சாம்பல் குழாய் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இன்று பெக்ஸ் என்னும் குழாய் எளிதாகக் கிடைக்கிறது. முழுவதையும் ஒரே தடவையில் மாற்ற இயலாதவர்கள், இரண்டையும் சேர்ப்பதற்கென்றே செய்த இணைப்பை வாங்க வேண்டும். உள்விட்டம் வேறுபடுவதால் சாதாரண இணைப்பு பொருந்தாது. முகாம் குழாயில், அழுத்தமானி உள்ள கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டி 45 பவுண்டு அளவில் வைப்பது நல்லது. பம்பு பெரிதானால் தொட்டி விரைவில் காலியாவதும், கழிவுநீர்த் தொட்டி விரைவில் நிறைவதும் நினைவிருக்கட்டும்.

வேலை முடிந்ததும் எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பின் ஸ்விட்சை மட்டும் போட்டுவிட்டு அமைதியாகக் கவனியுங்கள். ஒருவரும் தண்ணீரைத் தொடாதபோது பம்பு சற்று நேரத்துக்கு ஒருமுறை முனகினால், எங்கோ கசிகிறது, அல்லது பம்பின் ஒருவழி வால்வு தளர்ந்து தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. அதைக் கண்டுபிடித்த பிறகே சுவர்ப் பலகைகளை மூடுங்கள்.