அழகர் ஊர்வலத்துல ஒளிஞ்சிருக்கும் கோடிங்: ‘கண்ட்ரோல் ஃப்ளோ’ என்றால் என்ன?

சித்திரைத் திருவிழாவுக்காக அழகர்கோவிலில் இருந்து கிளம்பும் கள்ளழகர், வழிநெடுக மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் மதுரைக்கு வருகிறார். இரவு தல்லாகுளம் பெருமாள் கோயில், விடிந்தால் வைகை. ‘என்ன கலர் பட்டு?’ என்பதுதான் அன்றைக்கு ஊரே கேட்கும் கேள்வி. பச்சை என்றால் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை.

வரிசையாகப் போவது, நிபந்தனை பார்ப்பது, ஒரே வேலையைத் திரும்பச் செய்வது. ஒரு புரோகிராமின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் இந்த மூன்றும்தான். இதற்குப் பெயர்தான் கண்ட்ரோல் ஃப்ளோ.

இதைத் தமிழிலேயே எழுதலாம். முத்து அண்ணாமலை உருவாக்கி, 2013-ல் கட்டற்ற மென்பொருளாக வெளியான ‘எழில்’ மொழி, பைத்தானை அடிப்படையாகக் கொண்டது.

நிபந்தனை

@(பட்டு == "பச்சை") ஆனால்
  பதிப்பி "விளைச்சல் செழிக்கும்"
இல்லை
  பதிப்பி "வேறு நிறம்"
முடி

பைத்தானில் ‘இஃப்’ முதலில் வரும், நிபந்தனை பிறகு. எழிலில் நிபந்தனை முதலில், ‘ஆனால்’ பிறகு. நாம பேசுற வரிசை இதுதானே!

சுழற்சி

மண்டபம் = 1
@(மண்டபம் <= 5) வரை
  பதிப்பி "மண்டகப்படி", மண்டபம்
  மண்டபம் = மண்டபம் + 1
முடி

பைத்தானின் ‘வைல்’தான் இங்கே ‘வரை’. அடைப்புக்குறிக்குள் இருப்பது உண்மையாக இருக்கும் வரை உள்ளே இருக்கும் வரிகள் திரும்பத் திரும்ப ஓடும். எண் 6 ஆனதும் சுழற்சி முடிந்துவிடும்.

எங்கே மாட்டுவோம்?

‘மண்டபம் + 1’ இருக்கும் வரியை விட்டுவிட்டால்? எண் 1-லேயே நிற்கும். நிபந்தனை எப்போதும் உண்மை. அழகர் முதல் மண்டகப்படியை விட்டு நகரவே மாட்டார், ஆற்றுக்கும் போகமாட்டார். இதுதான் முடிவில்லாச் சுழற்சி. நிஜ ஊர்வலத்தில் ‘நேரமாச்சு, கிளம்புங்க’ என்று சொல்ல ஆள் உண்டு. கம்ப்யூட்டருக்கு அதையும் நாம்தான் எழுதித் தரணும்.

அதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ‘நிறுத்து’ என்றால் சுழற்சியை விட்டே வெளியேறும். ‘தொடர்’ என்றால் இந்தச் சுற்றில் மிச்சமிருக்கும் வரிகளை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். பைத்தானில் இவை ‘பிரேக்’, ‘கன்டினியூ’.

ஆங்கிலம் சரளமா வராதுன்னு கோடிங் பக்கமே போகாதவரா நீங்க? இங்கே மனப்பாடம் செய்ய வேண்டிய ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம்தான். பழக வேண்டியது ஒரு கேள்வி: ‘இது எப்போ நிற்கும்?’ சுழற்சி எழுதும் ஒவ்வொரு தடவையும், ரன் கொடுப்பதற்கு முன்னாடி, அதைக் கேட்டுக்கோங்க.