கொல்லிமலை ஏறும் வில்லிஸ்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் மேலே, தார் முடிந்து மண்பாதை தொடங்கும் இடங்களில் ஆளையும் மூட்டையையும் சுமக்கும் வண்டியை ‘ஜீப்’ என்கிறோம். அதைச் செய்து பரப்பிய நிறுவனத்தின் பெயர்தான் மறந்துபோனது: வில்லிஸ்.

1903-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ‘ஓவர்லேண்ட்’ என்ற கார் பிறந்தது. எல்மைரா ஊரில் கார் விற்றுவந்த ஜான் வில்லிஸ், 500 ஓவர்லேண்ட் கார்களுக்கு முன்பணம் கட்டியிருந்தார். 1907-இன் பணநெருக்கடியில் வண்டிகள் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தார். ஆலை மூடும் நிலையில் இருந்தது. கட்டிய பணம் போனதென்று திரும்பிவிடாமல், கடன்காரர்களைச் சமாளித்து ஆலையையே எடுத்து நடத்தினார். 1912 முதல் சில ஆண்டுகள், விற்பனையில் ஃபோர்டுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான்.

1930-களின் பெருமந்தம் நிறுவனத்தைச் சாய்த்தது. 1935-இல் ஜான் வில்லிஸ் காலமானார். நிறுவனத்தை மீண்டும் நிமிர்த்தியது இரண்டாம் உலகப்போர். 1940-இல் எடை குறைந்த, எங்கும் போகக்கூடிய வண்டியை அமெரிக்க ராணுவம் கேட்டது. முதல் மாதிரியைச் செய்தது பேண்டம் என்ற சிறு நிறுவனம்; ஆனால் வில்லிஸின் 60 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ஈடில்லை. வில்லிஸும் ஃபோர்டுமாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

மலைக்கு அது எப்படிப் பொருந்துகிறது? முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர்தான். அதனால் குறுகிய வளைவில் சட்டென்று திரும்பும். கியர் கம்பியின் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு கம்பிகள் நிற்கும். ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரங்களும் இழுக்கும். சேற்றில் பின்சக்கரம் வழுக்கினாலும் முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று ‘லோ’: வேகத்தைப் பாதியாக்கி, இழுவையை இரட்டிப்பாக்கும். சைக்கிளில் மேடேறும்போது பல்சக்கரம் மாற்றுவதைப் போலத்தான். தார்ச்சாலையில் முன்சக்கர இழுவையை எடுத்துவிட வேண்டும். வளைவில் முன்சக்கரம் கூடுதல் தூரம் உருளுவதால், போட்டபடியே ஓட்டினால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு தேயும்.

1940-களின் இறுதியில் மும்பை மசகானில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் பாகங்களைக் கோத்து ஜீப் செய்யத் தொடங்கியது. 1953-இல் வில்லிஸ் கைமாறியது. காலப்போக்கில் பெயரும் மறைந்தது.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். தன் அரசனைச் சுமந்த குதிரையைப் பெயர்சொல்லி நினைவில் வைத்த மலை இது. இன்று அதன் மக்களைச் சுமக்கும் வண்டியின் பூர்வீகப் பெயரையும் நாம் சொல்லிப் பழகவேண்டும்.