சென்னைச் சிவப்புச் செம்மறியைக் காக்க நல்ல கடா தேவை

காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களுக்கு உரிய செம்மறி இனம் சென்னைச் சிவப்பு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர் வட்டாரமும் இதன் தாயகமே.

இந்த ஆட்டுக்குக் கம்பளி இல்லை. குட்டை மயிரே உண்டு. நிறம் இளஞ்சிவப்பு முதல் அடர் பழுப்பு வரை இருக்கும். சிலவற்றுக்கு நெற்றியிலும் அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் வெள்ளை தெரியும். காது தொங்கும், வால் குட்டை. கடாவுக்கு வரியோடிய வளைந்த கொம்பு உண்டு. பெட்டைக்குக் கொம்பு இல்லை. வளர்ந்த கடா சுமார் 35 கிலோவும் பெட்டை 23 கிலோவும் இருக்கும். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். வெயில் தாங்கும்; அறுவடைத் தாளிலும் ஏரிக்கரைப் புல்லிலும் வயிறு நிரப்பும். இறைச்சியோடு தோலுக்கும் மதிப்புண்டு. இரவில் வயலில் கிடை போட்டால் எருவும் கிடைக்கும்.

தொழிற்சாலைகளும் மனைகளும் பெருகியதால் இப்பகுதியில் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மந்தை சிறுத்தால் ஒரே கடா பல ஆண்டு நின்று, தன் மகளோடேயே சேர்கிறது. அதனால் குட்டிகள் நலிகின்றன. பெருத்த கடாக்குட்டி முதலில் வியாபாரியிடம் போகிறது. மெலிந்தது மந்தையில் தங்கித் தகப்பனாகிறது. உயரத்துக்காக நெல்லூர்க் கடாவைச் சேர்த்தால் இனத்தூய்மையும் கெடும்.

இங்கிலாந்தின் ஷயர் குதிரைக்குக் கணுக்காலில் இறகுபோல் மயிர் அடர்ந்திருக்கும். ஏரும் பாரவண்டியும் இழுத்த அந்த இனம், டிராக்டரும் லாரியும் வந்தபின் 1950, 60-களில் அழிவின் விளிம்புக்கே போனது. 1878-இல் தோன்றிய வளர்ப்போர் சங்கம் வம்சப் பதிவேடு வைத்து வந்ததால் தூய குதிரைகளை அடையாளம் கண்டு பெருக்க முடிந்தது.

நம் ஆடு வளர்ப்போருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குட்டி பிறந்த நாள், தாய், தகப்பன், மூன்றாம் மாத எடை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நன்கு பால் தரும் தாய்க்குப் பிறந்த, எடை மிகுந்த கடாக்குட்டியை விற்காமல் நிறுத்த வேண்டும். மற்றவற்றை விற்கலாம் அல்லது காயடிக்கலாம். ஒன்றரை வயதான கடாவை 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒன்றாக விடலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை அடுத்த ஊர் மந்தையுடன் கடாவை மாற்றிக்கொள்வது நல்லது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தின் மேம்பாட்டில் ஈடுபட்டு வருகிறது. கடா தெரிவு பற்றி அங்கே ஆலோசனை பெறலாம்.