தங்கைக்கு முதல் கேமரா: எந்த மாடல் என்று பார்க்கும் முன் இதைக் கேளுங்கள்!

"அண்ணா, விஸ்காம் கோர்ஸ்ல இடம் கிடைச்சிருச்சு. ஒரு கேமரா வேணும். சீனியருங்க எல்லாம் வச்சிருக்காங்க."

பெங்களூருவிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் சேலம், நாமக்கல் பிள்ளைகளுக்கு, அட்மிஷன் நேரத்தில் ஊரிலிருந்து இப்படி ஒரு போன் வருவது சகஜம். அடுத்து போனை அப்பா வாங்குவார். "எவ்வளவு ஆகும் கண்ணு? ஏலச்சீட்டை எடுத்துரலாமா?"

இந்த இரண்டாவது கேள்விதான் கொஞ்சம் உறுத்தும். வீட்டில் பல மாதம் கட்டிய சீட்டுப் பணம் ஒரே பெட்டிக்குள் போகப்போகிறது. தப்பான கேமராவை வாங்கிவிட்டால், மூன்று வருடப் படிப்பு முடியும் வரை மாற்றவும் முடியாது. அதனால் யூடியூபில் 'டாப் 5 கேமரா' வீடியோ பார்த்து ஆர்டர் போடுவதற்கு முன், தங்கையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ எதைப் படம் எடுக்கப் போற?"

பாடத்தைப் பொறுத்து கேமரா மாறும்

நம் ஊர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி ப்ராஜெக்டுக்காக எங்கெல்லாம் போவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போனால், சின்ன அறை, குறைந்த வெளிச்சம், வேகமாக ஓடும் கைகள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இடத்துக்குப் போனால், கண்ணைப் பறிக்கும் வெல்டிங் வெளிச்சமும் அதன் பக்கத்திலேயே கரும் நிழலும். கோழிப்பண்ணை என்றால் தூசி. மேட்டூர் அணையில் மதிய நேரம் என்றால், போன் திரையே கண்ணுக்குத் தெரியாத வெயில். ஏற்காட்டில் பனி. மாரியம்மன் பண்டிகை என்றால் ராத்திரி, கூட்டம், ஓட்டம்.

இதில் அவளுக்கு எது அதிகம்? போட்டோவா, குறும்படமா? உள்ளேயா, வெளியேயா? பதில் தெரிந்தால் கேமரா பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். குறும்படம்தான் பிரதானம் என்றால் மைக் செருகும் இடம் இல்லாத கேமரா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். போட்டோ ஜர்னலிசம்தான் ஆசை என்றால் 4கே வீடியோவுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

மெகாபிக்சல் எவ்வளவு போதும்?

கடையில் முதலில் காதில் விழும் எண் இதுதான். 24 மெகாபிக்சல் படம் என்றால் சுமார் 6,000-க்கு 4,000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சடித்தால் 20 அங்குல அகலத்துக்கு வரும். கல்லூரிக் கண்காட்சிக்கு இது தாராளம்.

"போன்லயே 50, 200 மெகாபிக்சல் வருதே?" என்று கேட்கலாம். வித்தியாசம் சென்சாரின் பரப்பில் இருக்கிறது. மாணவர்கள் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார். நிக்கான், சோனியில் அதன் அளவு ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ. கேனானில் அதைவிடச் சற்றுச் சின்னது. நல்ல போன்களின் முக்கிய சென்சாரோடு ஒப்பிட்டாலும் இதன் பரப்பு பல மடங்கு பெரியது. மழையில் அண்டாவையும் சொம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதில் தண்ணீர் அதிகம் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். பகல் வெயிலில் போனுக்கும் கேமராவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கொலுசுப் பட்டறைக்குள் போனால் தெரியும்.

பாடியைவிட லென்ஸ் முக்கியம்

பலர் ஏமாறும் இடம் இது. மொத்தப் பணத்தையும் பாடிக்கே கொட்டிவிட்டு, கூடவே வரும் கிட் லென்ஸோடு மூன்று வருடத்தை ஓட்டுவார்கள். கிட் லென்ஸ் மோசமானது இல்லை. ஆனால் ஜூம் செய்யச் செய்ய அதன் வாய் சுருங்கும். எஃப் 5.6, 6.3 என்று அட்டையில் போட்டிருப்பது அதைத்தான். எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறைவு.

எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6 லென்ஸைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இதன் நடைமுறை அர்த்தம் என்ன? பட்டறையில் கிட் லென்ஸுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தேவைப்பட்டால், இதற்கு நூறில் ஒரு பங்கு போதும். முதலாவதில் கொலுசு கோக்கும் விரல்கள் கலங்கிப்போகும். இரண்டாவதில் பெரும்பாலும் தெளிவாக நிற்கும். பாடி அதேதான், லென்ஸ் மட்டும்தான் மாறியது.

ஜூம் இல்லாத 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் எல்லா முக்கிய பிராண்டிலும் உண்டு. மற்ற லென்ஸ்களோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. ஒன்று கவனிக்கணும்: ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ என்பது 75 அல்லது 80 மி.மீ போல நடந்துகொள்ளும். முகம் எடுக்க அருமை. ஆனால் பத்தடி அறையில் முதுகு சுவரில் முட்டும். உள்ளே எடுக்கும் வேலைதான் அதிகம் என்றால் 35 மி.மீ அல்லது அதைவிட அகலமானது பாருங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாடி சீக்கிரம் பழசாகும். பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் லென்ஸ் பத்து வருடத்துக்கு மேலும் உழைக்கும்.

டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

டிஎஸ்எல்ஆரில் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும். அது வெளிச்சத்தைத் திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதையே திரையில் பார்க்கிறோம். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் படம் எடுக்கும் முன்பே தெரிந்துவிடுவதால் புதிதாகக் கற்பவருக்கு இது வசதி.

கேனான், நிக்கான் இரண்டும் 2018-ல் புது மிரர்லெஸ் வரிசைகளை (கேனான் ஆர், நிக்கான் இசட்) தொடங்கின. அதன் பிறகு அவற்றின் கவனம் முழுக்க அங்கேதான். எனவே புதிதாக வாங்கினால் மிரர்லெஸ். கை கடித்தால் செகண்ட்ஸில் டிஎஸ்எல்ஆர். அதில் பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், பழைய லென்ஸ்களும் மலிவாகக் கிடைக்கும். கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு ஆர் வரிசையிலும் பயன்படுத்தலாம், ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும். நிக்கானில் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் கிடைக்காது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

மாணவர்கள் அடிக்கடி விசாரிக்கும் சில மாடல்களில் கவனிக்க வேண்டியவை:

* கேனான் 1500டி: போட்டோ கற்க நல்ல டிஎஸ்எல்ஆர். வீடியோ ஃபுல் எச்டி வரைதான். மைக் செருக இடம் இல்லை.
* கேனான் ஆர் 100: மிரர்லெஸ்ஸில் கைக்கு அடக்கமானது. திரையைத் திருப்ப முடியாது, தொடுதிரையும் கிடையாது. 4கே எடுத்தால் காட்சி குறுகிவிடும்.
* கேனான் ஆர் 50: வியூஃபைண்டர், திரும்பும் தொடுதிரை, மைக் வசதி மூன்றும் உண்டு. போட்டோ, வீடியோ இரண்டும் வேண்டும் என்பவருக்குச் சரி.
* நிக்கான் இசட் 30, சோனி இசட்வி-இ10: வீடியோவை மனதில் வைத்துச் செய்தவை. இரண்டிலும் வியூஃபைண்டர் கிடையாது. மேட்டூர் வெயிலில் திரையை மட்டும் நம்பி எடுப்பது கஷ்டம். சோனிக்கு மற்ற கம்பெனி லென்ஸ்கள் நிறையக் கிடைப்பது ஒரு லாபம்.

பெட்டியின் விலை மட்டும் விலை கிடையாது

கையில் 70,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கேமராவும் கிட் லென்ஸும் 45,000-ஐத் தாண்ட வேண்டாம். அந்தக் காசுக்குப் புதுசு அமையாவிட்டால் செகண்ட்ஸ் பாருங்கள். இன்னொரு லென்ஸுக்கு 12,000 ஒதுக்குங்கள். மீதி 13,000-ல் இரண்டாவது பேட்டரி, மெமரி கார்டு, பை, ட்ரைபாட், மைக்.

மைக்கை அலட்சியப்படுத்தாதீர்கள். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு காதில் விழவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

மெமரி கார்டில் 'வி 30' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்கு 30 மெகாபைட் வேகத்துக்குக் குறையாமல் பதியும் என்பதே அதன் பொருள். நொடிக்கு 120 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் 64 ஜிபி கார்டு சுமார் 70 நிமிடத்தில் நிறைந்துவிடும். எடிட் செய்ய வீட்டில் ஓரளவு நல்ல லேப்டாப் இல்லையென்றால் 4கே ஆசையே வேண்டாம், ஃபுல் எச்டி போதும்.

செகண்ட்ஸ் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், சோதித்துவிட்டு. கல்யாண போட்டோகிராஃபர்கள் புது மாடலுக்கு மாறும்போது பழைய பாடிகள் விற்பனைக்கு வரும். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு 2,500 கிளிக் என்றால் 40 கல்யாணத்தில் ஒரு லட்சம் ஆகிவிடும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் ஆயுளாகப் பொதுவாகச் சொல்லப்படுவதும் ஏறக்குறைய அந்த ஒரு லட்சம்தான். அதனால் முதலில் 'ஷட்டர் கவுன்ட்' கேளுங்கள்.

கையில் வாங்கியதும் செய்ய வேண்டியவை:

* எஃப் 16-ல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. சுத்தம் செய்யலாம், அதற்கான செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.
* லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. அந்த லென்ஸ் வேண்டாம்.
* பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு போடும் இடம், மைக் செருகும் இடம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.
* பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? பில்லே இல்லை என்றால் திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். திரும்பி வந்துவிடுங்கள்.

'பில் இல்லாம எடுத்துக்கோங்க' என்றால்?

டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி முதலில் 28 சதவீதமாக இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் அது 18 சதவீதம் ஆனது. அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பில் இல்லை என்றால் வாரன்டி கேட்டு நிற்க முடியாது. வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டுவந்து விற்கும் கேமராக்களுக்கும் இந்தியாவில் கம்பெனி வாரன்டி கிடைக்காமல் போகலாம். வாரன்டி கார்டில் இந்தியாவுக்கான முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் பிராசஸிங் கட்டணமும் வட்டி மீதான ஜிஎஸ்டியும் தனியாக வரலாம். மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு, தவணையில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதே வாங்கணுமா?

ஏற்காடு போகும் வழியில் அந்த வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. அந்தக் காலத்தில் ஒளிப்பதிவு கற்க வந்தவர் யாரும் சொந்தக் கேமராவோடு வரவில்லை. கேமரா ஸ்டூடியோவுடையது. உதவியாளராகச் சேர்ந்து, வெளிச்சத்தைக் கவனித்துத்தான் தொழில் கற்றார்கள்.

உங்கள் தங்கைக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. டிபார்ட்மென்டில் மாணவர்களுக்குத் தரும் கேமரா என்ன பிராண்ட் என்று கேட்கச் சொல்லுங்கள். அதே பிராண்டை வாங்கினால் அங்குள்ள லென்ஸையும் சீனியர்களின் லென்ஸையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். முதல் செமஸ்டரில் போனிலேயே ப்ரோ மோடைத் திறந்து ஷட்டரும் ஐஎஸ்ஓவும் என்ன செய்கின்றன என்று பழகட்டும். பிறகு மனதில் உள்ள மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பட்டறை, அணை, பண்டிகை என்று அவள் போகப்போகும் இடத்திலேயே சோதித்துப் பார்க்கட்டும்.

வாங்கிய பிறகு சில பழக்கங்கள் வேண்டும். கோழிப்பண்ணையிலும் ஜவ்வரிசி ஆலையிலும் லென்ஸைக் கழற்றக் கூடாது. ஏற்காட்டுக் குளிரிலிருந்து இறங்கியதும் கேமராவைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டால் உள்ளே நீர் பூக்காது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் பூஞ்சை அண்டாது.

அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போது தெரிந்திருக்கும். "சீட்டை இப்ப எடுக்க வேண்டாம்ப்பா. ஒரு செமஸ்டர் போகட்டும். அவ என்ன எடுக்கறான்னு பார்த்துட்டு, பாதிப் பணம் நான் போடறேன்."