பீட்டில்சை முந்திய சென்னைப் பிள்ளை!
பெயரை மாற்றிப் புகழ் பெற்ற ஆங்கிலப் பாடகரின் கதை

சென்னையில் பிறந்த ஒருவர், இங்கிலாந்தின் முதல் நிலைப் பாடகர் ஆனார். உலகையே ஆட்டிப்படைத்த பீட்டில்ஸ் குழுவினரையே அவர் இரண்டாவது இடத்துக்குத் தள்ளினார்.

அவர்தான் ஏங்கல்பர்ட் ஹம்பர்டிங்க்.

வாயில் நுழையாத இந்தப் பெயர் அவருடைய பெற்றோர் வைத்தது அல்ல. அவருடைய இயற்பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி.

1936-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி அவர் சென்னையில் பிறந்தார். அப்போது இந்தியாவை வெள்ளையர் ஆண்டு வந்தனர். தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் பணி புரிந்தார். வீட்டில் மொத்தம் 10 குழந்தைகள்.

அவருக்கு 10 வயது ஆனபோது, குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. அங்கு லெஸ்டர் என்ற ஊரில் குடியேறினார்கள். பனியன், காலுறை, பூட்ஸ் தொழிற்சாலைகள் நிறைந்த தொழில் நகரம் அது.

குரல் பிறந்தது

சிறு வயதில் அவர் கற்றுக்கொண்டது பாட்டு அல்ல, சாக்சபோன் வாசிப்புதான். 17 வயதில் நண்பர்கள் வற்புறுத்தியதால், மதுக்கடை ஒன்றில் நடந்த பாட்டுப் போட்டியில் மேடை ஏறினார். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ் போல அவர் நடித்துக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அன்று முதல் நண்பர்கள் அவரை "ஜெரி" என்று கூப்பிட்டார்கள். "ஜெரி டார்சி" என்பதே மேடைப் பெயராகவும் ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வாலிபர்கள் கட்டாய ராணுவ சேவை செய்ய வேண்டும். அவரும் ராணுவத்தின் சிக்னல் படைப் பிரிவில் சேவை செய்துவிட்டுத் திரும்பினார். 1959-ம் ஆண்டு அவருடைய இசைத்தட்டு வெளிவந்தது. அது விலை போகவில்லை.

1961-ம் ஆண்டு பெரிய இடி விழுந்தது. காசநோய்! பாடகனுக்கு மூலதனமே மூச்சுதானே? நோய் குணமாகித் திரும்பியபோது, ஜெரி டார்சியை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் அவரை நம்பியவர் ஒருவர் இருந்தார். அவர் லெஸ்டர் நகரப் பெண் பட்ரீஷியா. 1964-ம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளையிடம் பணமும் இல்லை, புகழும் இல்லை.

பழைய நண்பர் கொடுத்த பெயர்

1965-ம் ஆண்டு அதிர்ஷ்டம் ஒரு பழைய நண்பரின் உருவில் வந்தது. ஒரு காலத்தில் இருவரும் ஒரே அறையில் தங்கி இருந்தவர்கள். அந்த நண்பர் கார்டன் மில்ஸ். அப்போது அவர், புகழ் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த டாம் ஜோன்சின் மானேஜர். இதில் ஒரு வேடிக்கை: கார்டன் மில்சும் சென்னையில் பிறந்தவரே!

"ஜெரி டார்சி" என்ற பெயரைத் தூக்கிப் போடச் சொன்னார் மில்ஸ். அதற்குப் பதில் அவர் கொடுத்தது, 1921-ம் ஆண்டு காலமான ஒரு ஜெர்மானிய இசை மேதையின் பெயர். ஒரு தடவை கேட்டால் மறக்க முடியாத பெயர் என்பதே காரணம்.

இந்த இரவல் பெயரால் பிறகு வம்பும் வந்தது. இசை மேதையின் வாரிசுகள் ஆட்சேபம் தெரிவித்தனர். அதனால் ஜெர்மனியில் மட்டும் அவர் வெறும் "ஏங்கல்பர்ட்" தான்!

ஒரே இரவில்...

1967-ம் ஆண்டு தொடக்கத்தில் "ரிலீஸ் மீ" என்ற பாடலின் இசைத்தட்டு வெளிவந்தது. அது ஒரு பழைய அமெரிக்கப் பாட்டு. லண்டன் பல்லேடியம் அரங்கில் இருந்து ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் டெலிவிஷனில் ஒளிபரப்பான நிகழ்ச்சி, அந்த நாளில் வெகு பிரபலம். அதில் பாட வேண்டிய டிக்கி வாலண்டைன் நோய்வாய்ப்பட்டதால், அந்த இடம் ஏங்கல்பர்ட்டுக்குக் கிடைத்தது.

ஒரே இரவில் நாடே அவரைத் தெரிந்துகொண்டது. பாடல் முதல் இடத்தைப் பிடித்து 6 வாரம் இறங்கவில்லை. அதே நேரத்தில் வெளிவந்த பீட்டில்சின் "பென்னி லேன்" இசைத்தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றது. 1963-ம் ஆண்டு முதல் வரிசையாக 11 முறை முதல் இடம் பிடித்து வந்த குழு அது! "ரிலீஸ் மீ" விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து 56 வாரம் இருந்தது.

அதே ஆண்டில் "தி லாஸ்ட் வால்ட்ஸ்" 5 வாரம் முதல் இடத்தில் இருந்தது. 1968-ம் ஆண்டு "எ மேன் வித்தவுட் லவ்" வந்தது. கன்னத்தில் இறங்கிய கிருதாவும் கனத்த குரலும் பெண்களைக் கவர்ந்தன. 1976-ம் ஆண்டு "ஆப்டர் தி லவ்வின்" அமெரிக்காவிலும் வெற்றி பெற்றது.

இதயத்தின் வடிவில் நீச்சல் குளம்

அந்த ஆண்டிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மறைந்த நடிகை ஜேன் மான்ஸ்பீல்டின் இளஞ்சிவப்பு மாளிகையை வாங்கினார். அதன் நீச்சல் குளம் இதயத்தின் வடிவில் கட்டப்பட்டது.

மாளிகை இருந்தும் நிம்மதி குறைவு. ஆண்டு முழுவதும் ஊர் ஊராகக் கச்சேரி. வீட்டில் நான்கு குழந்தைகளை வளர்த்தவர் பட்ரீஷியாவே. ரசிகைகளுடன் ஏங்கல்பர்ட்டை இணைத்துப் பத்திரிகைகள் எழுதின. "என் குழந்தைக்குத் தந்தை இவரே" என்று பெண்கள் தொடுத்த வழக்குகளும் வந்தன. எந்த மனைவிக்கும் நெஞ்சைப் பிளக்கும் செய்திகள்! ஆனாலும் பட்ரீஷியா அவரைப் பிரியவில்லை.

2012-ம் ஆண்டு, 76-வது வயதில், யூரோவிஷன் போட்டியில் இங்கிலாந்தின் சார்பில் பாடினார். இறுதிச் சுற்றில் போட்டியிட்ட 26 பேரில் 25-வது இடமே கிடைத்தது. அதற்காக அவர் பாடுவதை நிறுத்திவிடவில்லை.

அதைவிடப் பெரிய சோதனை வீட்டில் இருந்தது. பட்ரீஷியாவை அல்சைமர் என்னும் மறதி நோய் தாக்கியது. ஒரு காலத்தில் வீடு தங்காத கணவர், இப்போது மனைவிக்குத் துணையாக இருந்தார். அவருடைய நோயைப் பற்றி மேடையிலும் பேட்டிகளிலும் மறைக்காமல் பேசினார்.

2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், கொரோனா நோய் பட்ரீஷியாவின் உயிரைப் பறித்தது. 56 ஆண்டு இல்லறம் முடிந்தது. அதே ஆண்டில், அப்போது இங்கிலாந்து அரசி வழங்கி வந்த எம்.பி.இ. விருது ஏங்கல்பர்ட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் பகிர்ந்துகொள்ள மனைவி இல்லை.

அடுத்த ஆண்டு, "மூன் நைட்" என்ற அமெரிக்கத் தொடரில் அவருடைய 1968-ம் ஆண்டுப் பாடல் ஒன்று ஒலித்தது. அவர் பெயரையே கேட்டிராத இளைஞர்கள் அதைத் தேடித் தேடிக் கேட்டார்கள்.

"அன்பு இல்லாத மனிதன்" என்பது அந்தப் பாட்டின் பெயருக்குப் பொருள். அதைப் பாடியபோது அவருக்கு வயது 31. வீட்டில் பட்ரீஷியா இருந்தார். அது மீண்டும் உலகெங்கும் ஒலித்தபோது அவருக்கு வயது 85. வீட்டில் பட்ரீஷியா இல்லை.