தாத்தா கூப்பிட்டா கௌதாரி வரும்!

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சு மணிக்கு எழுந்திருக்கற ஆளா பாஸ் நீங்க? நானும் இல்லை. ஆனா, பங்குனி வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தாத்தா கிளம்பினா, எங்க வீட்டு மொத்த டிக்கெட்டும் மாடம்பாக்கம் ஏரிக்கரையில ஆஜர்!

தாத்தாவும் அவர் தம்பிகளும் வயசுல கண்ணி வெச்சு கௌதாரி பிடிச்சவங்க. இப்போ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி (1972) அது குற்றம். அதனால கண்ணி போச்சு. காத்திருப்பு மட்டும் மிச்சம். தாத்தா ரெண்டு கையையும் குவிச்சுக் குரல் கொடுப்பார். புதருக்குள்ளேருந்து பதில் வரும் பாருங்க... செல்லை நோண்டுற தங்கச்சிகூட சிலையாகிடுவா!

இப்படி மாறினது தாத்தா மட்டுமில்ல. சின்ன வயசுல குருவியைச் சுட்ட சலீம் அலிதான் பின்னாடி பறவையியல் மேதையானார். நம்ம வேடந்தாங்கல்காரங்க, பறவைகளைச் சுடக்கூடாதுன்னு 1798-லேயே கலெக்டர்கிட்ட உத்தரவு வாங்கினவங்க!

போன வாரம் திரும்பி வர்றப்ப தாத்தா மெதுவா சொன்னார்: “அப்பல்லாம் பிடிக்கறதுக்காகக் கேட்டேன்டா. இப்பதான் குரலையே கேட்கறேன்.”

உங்க வீட்லயும் ஒரு தாத்தா இருப்பார். இந்த ஞாயிறு அவரை எழுப்புங்க பாஸ்... இல்ல, அவர் ஏற்கெனவே எழுந்திருப்பார். நீங்க எழுந்திருங்க!